நாயின் கண்ணீர்: வரத்து மிகுதியா, வடிகால் அடைப்பா?

## கேள்வி

நாயின் கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வடிகிறது. மூக்கோரத்து முடி நனைந்து பழுப்பேறுகிறது. சில நாளில் பீளையும் கட்டுகிறது. கண்ணீர் அளவுக்கு மீறிச் சுரப்பதால் இப்படி ஆகிறதா, சுரந்த கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் பாதை அடைபட்டதால் ஆகிறதா? கால்நடைக் கண் மருத்துவத்தில் இது பழைய கேள்வி. விடையைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறிவிடும் என்பதால் இன்றும் அதன் முக்கியத்துவம் குறையவில்லை. பாதை அடைபட்ட கண்ணுக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டாலும் பயன் இருக்காது. கருவிழியில் புண் உள்ள நாய்க்குப் பாதையைக் கழுவிக்கொண்டிருந்தால் அதற்குள் பார்வையே போய்விடக்கூடும்.

சேலம் அருகே ஓமலூரைச் சுற்றியுள்ள சமவெளியில் இந்தக் கேள்வி பல வடிவங்களில் எழுகிறது. காட்டுக் கொட்டாயில் காவல் இருக்கும் நாட்டு நாய், ஆட்டுப் பட்டியோடு திரியும் நாய், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையைக் காக்கும் நாய், சேலம் நகர வீடுகளில் வளரும் பக், ஷிட்ஸு, பொமரேனியன் என எல்லாவற்றுக்கும் கண்ணில் நீர் வடிவதுண்டு. காரணங்கள்தான் வேறு வேறு. செம்மண் புழுதி, சோளம் அடிக்கும்போது பறக்கும் சுனை, கரும்பாலைப் புகை, கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி, நாயுருவி விதை, டிஸ்டெம்பர் வைரஸ், குட்டை முகத்துக்காகவே இனப்பெருக்கம் செய்யப்பட்ட நாய்களின் உடலமைப்பு என்று பட்டியல் நீள்கிறது. இந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

## கண்ணீர் போகும் வழி

நாயின் கண்ணீரைப் பெரும்பாலும் இரண்டு சுரப்பிகள் தருகின்றன. ஒன்று கண்குழியின் மேல்வெளிப் பக்கத்தில் இருக்கிறது. மற்றது மூன்றாம் இமையின் அடியில் இருக்கிறது. மூன்றாம் இமைச் சுரப்பியின் பங்கு மொத்தக் கண்ணீரில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இமை விளிம்பில் உள்ள சிறு சுரப்பிகள் கசியவிடும் எண்ணெய்ப் பசை, கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துபோகாமல் காக்கிறது.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் மூக்கோரத்துக் கண்முனைக்குத் தள்ளப்படுகிறது. அங்கே மேல் இமையிலும் கீழ் இமையிலும், விளிம்புக்குச் சற்று உள்ளே, கீறல் போல ஒவ்வொரு துளை இருக்கும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு துளைகளிலிருந்தும் புறப்படும் நுண்குழாய்கள் ஒன்றுசேர்ந்து, கண்ணோரத்து எலும்பின் குழிவில் நாளமாகி, மேல்தாடை எலும்பினூடே ஓடி, மூக்குத் துவாரத்தின் உட்புறத் தரையில் திறக்கின்றன.

இந்த அமைப்பில் மூன்று செய்திகள் சிகிச்சைக்கு முக்கியமானவை. முதலாவது, மனிதருக்கு இருப்பதுபோல் நன்கு உருவான கண்ணீர்ப் பை நாய்க்கு இல்லை. அந்த இடத்தில் லேசான அகலம் மட்டுமே உண்டு. இரண்டாவது, எலும்பைக் கடக்கும் இடத்தில் நாளம் குறுகுகிறது. சீழும் விதையும் தூசும் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது, நாளம் மேல் கோரைப்பல்லின் வேரை ஒட்டிப் போகிறது. ஏறக்குறைய பாதி நாய்களில் அந்த இடத்திலேயே மூக்கின் உட்பகுதிக்குள் இன்னொரு திறப்பும் இருக்கிறது. சோதனை முடிவுகளில் வரும் குழப்பங்களுக்கு இந்தக் கூடுதல் திறப்பு ஒரு பெரிய காரணம்.

## பழைய விடைகள்

கண்முனையில் சீழ் கட்டும் நோயை இந்திய மருத்துவம் வெகு காலம் முன்பே தனியாக அடையாளம் கண்டிருக்கிறது. கண் நோய்களை 76 எனக் கணக்கிடும் சுசுருத சம்கிதை, கண்ணின் சந்திகளில் தோன்றும் நோய்களைத் தனி வகையாக்குகிறது. அவற்றுள் பூயாலசம் என்று அது குறிப்பிடுவதை இன்றைய ஆய்வாளர்கள் பலர் கண்ணீர்ப் பை அழற்சியோடு ஒப்பிடுகிறார்கள். சித்த மருத்துவ மரபு கண் நோய்களை 96 என்று வகுக்கிறது. இவை எல்லாம் மனிதருக்கானவை. விலங்கு மருத்துவத்தில் யானைக்கும் குதிரைக்கும் தனி நூல்கள் தோன்றின. தமிழில் மாட்டு வாகடங்கள் எழுதப்பட்டன. உழவுக்கும் போருக்கும் உதவிய விலங்குகளுக்குக் கிடைத்த கவனம் நாய்க்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் கண்ணீர் வடிதல் நீண்ட காலம் கண்முனைப் புரையோட்டமாகவே பார்க்கப்பட்டது; சூட்டுக்கோல் வைத்துத் தீய்ப்பதே சிகிச்சையாக இருந்தது. நோயின் மூலம் பாதையின் அடைப்பில் இருக்கிறது என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வலுப்பெற்றது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் தோமினிக் ஆனெல் 1713இல் மெல்லிய கம்பியாலும் நுண்ணிய பீச்சாங்குழலாலும் கண்ணீர்ப் பாதையைத் திறந்து கழுவும் முறையை வெளியிட்டார். 1857இல் இங்கிலாந்தின் வில்லியம் போமன், துளையை விரித்து நாளத்தில் கம்பி செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1904இல் இத்தாலியின் அத்தேயோ தோத்தி, எலும்பில் வழி வெட்டிக் கண்ணீரை நேரே மூக்குக்குள் திருப்பும் அறுவையை முன்வைத்தார். கழுவுதல், விரித்தல், புதுவழி வெட்டுதல் என்ற இந்த மூன்றும்தான் பிற்பாடு நாய் மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்தன. மனிதக் கண்ணின் அமைப்பை அளவுகோலாகக் கொண்ட சிந்தனையும் அவற்றோடு சேர்ந்தே வந்தது. இன்றைய கருத்து வேறுபாடுகள் சிலவற்றின் வேர் அதில் இருக்கிறது.

## முதல் நிலைப்பாடு: முதலில் அடைப்பைத் தேடு

நீர் வடிகிறதென்றால் வடிகாலைப் பார்க்க வேண்டும் என்பது இந்த நிலைப்பாடு. இதற்கு உறுதியான ஆதாரங்கள் உண்டு. சில குட்டிகள் பிறக்கும்போதே கீழ்த்துளை மெல்லிய சவ்வால் மூடியிருக்கும். காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரெட்ரீவர், பூடில் போன்ற இனங்களில் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. கண் சிவக்காது, வலியும் இருக்காது. ஆனால் குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே கன்னம் நனைந்திருக்கும். மேல்துளை மட்டும் மூடியிருந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

பாதையில் ஏற்படும் அழற்சி இதனினும் தொல்லை தருவது. கண்முனையில் கெட்டியான பீளை சேரும். துடைத்த சில மணி நேரத்தில் மறுபடியும் கட்டும். கண்முனைக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்தினால் துளை வழியே சீழ் எட்டிப்பார்க்கும். ஆன்டிபயாடிக் சொட்டு விடும்வரை நன்றாக இருந்து, நிறுத்தியதும் திரும்ப வருவது இதன் பழக்கப்பட்ட போக்கு. உள்ளே சிக்கிய புல் விதை, பல்வேர்ச் சீழ், மூக்கினுள் வளரும் கட்டி ஆகியவை பின்னணியில் இருக்கலாம். வயதான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் நீர் வடிந்து, அதே பக்கத்து மூக்கில் ரத்தமும் கசிந்தால் கட்டியை நினைக்காமல் இருக்க முடியாது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், கண்ணில் வேறு கோளாறு இருக்கும் நாய்களையும் இது பாதை நோயாளிகளாகக் கருதிவிடுவதுதான். அவசியமில்லாமல் திரும்பத் திரும்பக் கழுவினால் நுண்குழாயின் உட்சுவர் காயப்பட்டு, ஆறும்போது தழும்பாகி, இல்லாத அடைப்பு உண்டாகவும் வாய்ப்பிருக்கிறது.

## இரண்டாம் நிலைப்பாடு: முதலில் உறுத்தலைத் தேடு

கண்ணில் எது உறுத்தினாலும் கண்ணீர் பெருகும். பாதை எவ்வளவு திறந்திருந்தாலும் அவ்வளவையும் இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே வடிகாலைத் தொடுமுன் வரத்து ஏன் கூடியது என்று கேட்க வேண்டும் என்பது இரண்டாம் நிலைப்பாடு. இமை உள்நோக்கிச் சுருண்டு முடி கருவிழியில் உரசுவது, இமை விளிம்பில் தவறான இடத்தில் முடி முளைப்பது, கருவிழிப் புண், மூன்றாம் இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுனை, உட்கண் அழற்சி, கண்ணின் உள்ளழுத்தம் கூடுவது ஆகிய அனைத்தும் இந்தப் பட்டியலில் வரும். உண்ணிக் காய்ச்சலான எர்லிக்கியாவும் உட்கண் அழற்சியைத் தரக்கூடும். நம் வெப்ப மண்டலத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

உறுத்தலுக்கும் அடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாயின் நடத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். உறுத்தும் கண்ணை நாய் பாதி மூடி வைத்திருக்கும், வெளிச்சத்துக்குக் கூசும், முன்காலால் தேய்க்கும். வெறும் அடைப்பு மட்டும் உள்ள நாய் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கும். கன்னம் மட்டுமே நனைந்திருக்கும். ஊரில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி இதுவே: கண்ணைத் திறந்து வைத்திருக்கிறதா, மூடிக்கொள்கிறதா?

இந்தப் பார்வைக்கும் குறை உண்டு. இமை முடியைக் கண்டதும் அதுவே காரணம் என்று முடிவுகட்டும் ஆபத்து இருக்கிறது. மெல்லிய கூடுதல் முடிகள் பல நாய்களில் எந்தத் தொந்தரவும் தராமல் இருப்பவை. அவற்றை நீக்கிய பிறகும் நீர் நிற்காமல், பாதையில் இருந்த அழற்சி மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போவதுண்டு. பக், ஷிட்ஸு போன்ற இனங்களில் உறுத்தலும் வடிகால் குறையும் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கும். பிதுங்கிய கண், மூக்கு மடிப்பின் முடி, உட்சுருண்ட கீழ் இமை, வளைந்து நெளியும் நாளம் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது ஒற்றைக் காரணம் தேடுவது பொருந்தாது.

## மூன்றாம் நிலைப்பாடு: அது கண்ணீரே அல்ல

பீளை வடியும் எல்லாக் கண்ணும் ஈரமான கண் அல்ல. கண்ணீர் வற்றிய கண்ணிலும் பிசுபிசுப்பான சளி திரண்டு, பார்ப்பவருக்கு நீர் வடிவதாகவே தோன்றும். இதை அளந்து காட்டும் சோதனையை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷர்மர் 1903இல் வெளியிட்டார். ஒரு காகிதப் பட்டையின் மடித்த நுனியைக் கீழ் இமைக்குள் செருகி ஒரு நிமிடம் வைக்கிறார்கள். நாயில் ஈரம் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஏறினால் சுரப்பு இயல்பு. 10க்கும் 15க்கும் இடைப்பட்டால் ஐயம். அதற்கும் கீழே போய், கண்ணிலும் அறிகுறி இருந்தால் உலர்கண். 5க்கும் கீழே என்றால் கடுமையானது.

உலர்கண்ணின் பெரும்பங்கு, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. டிஸ்டெம்பர் வைரஸும் சுரப்பியைப் பழுதாக்கும். கழிச்சலுக்குத் தரப்படும் சல்ஃபா மருந்துகள் சில நாய்களில் கண்ணீரை வற்றச் செய்யும். நரம்புக் கோளாறால் வந்தால், அந்தப் பக்கத்து மூக்குத் துவாரமும் வறண்டு, பொருக்குக் கட்டியிருக்கும். இந்தச் சின்ன அடையாளம் பலமுறை கண்டறிதலைச் சரியான திசைக்குத் திருப்பும்.

இத்துறையில் கருத்துகள் எப்படி மாறின என்பதற்கு மூன்றாம் இமைச் சுரப்பி நல்ல எடுத்துக்காட்டு. அது வெளியே பிதுங்கிச் சிவப்பு உருண்டையாகத் தெரியும்போது வெட்டி எடுப்பதே ஒரு காலத்தில் வழக்கம். வெட்டப்பட்ட நாய்களில் சில, ஆண்டுகள் கழித்து உலர்கண்ணோடு திரும்பி வந்தன. இன்று சுரப்பியைப் பழைய இடத்தில் பொதித்துத் தைப்பதே பரிந்துரை. மருந்திலும் இதே போன்ற திருப்பம் நிகழ்ந்தது. முன்பு, உமிழ்நீர்க் குழாயைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் அறுவைதான் கடுமையான உலர்கண்ணுக்கு முக்கிய வழி. 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான், சைக்ளோஸ்போரின் நாய்களின் கண்ணீர்ச் சுரப்பை மீட்பதைக் காட்டினார். நாய்களுக்கான களிம்பு அங்கே 1995இல் அனுமதி பெற்றது. அதே மருந்து 2002இல் மனிதரின் உலர்கண்ணுக்கும் அனுமதிக்கப்பட்டது. இங்கே நாயிடமிருந்து மனிதருக்குப் போனது அறிவு.

## நான்காம் நிலைப்பாடு: கறை மட்டும்தான், நோய் இல்லை

வெள்ளை முடி கொண்ட சிறு நாய்களில் கண்ணோரத்தில் செம்பழுப்புக் கோடு விழுகிறது. கண்ணீரில் உள்ள போர்ஃபிரின் என்னும் நிறமிப் பொருள் முடியில் படிந்து வெளிச்சம் படப்பட நிறம் கூடுகிறது என்பது பொதுவான விளக்கம். கண் நலமாக இருந்தால் இது தோற்றம் பற்றிய பிரச்சினையே, மருந்து வேண்டாம் என்பது பல கண் மருத்துவர்களின் கருத்து. கண்முனைச் சதையில் முளைத்த முடி திரிபோல ஈரத்தை வெளியே இழுப்பதும், கண்முனை இறுகித் துளை மடிந்துபோவதும் இந்த இனங்களில் இயல்பாகவே அமைந்தவை.

இதற்கு எதிர்முனையில் நின்றது சந்தை. கறையைப் போக்கும் பொடி என்ற பெயரில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பொருட்கள் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் அத்தகைய அனுமதி பெறாத தயாரிப்புகளின் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அழகுக்காக நாள்தோறும் ஆன்டிபயாடிக் கொடுப்பது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் என்பது வலுவான ஆட்சேபம். கோழிப்பண்ணைத் தொழிலில் ஆன்டிபயாடிக் பயன்பாடு பற்றிய விவாதம் நடக்கும் நாமக்கல் வட்டாரத்துக்கு இந்த ஆட்சேபம் அந்நியமானதல்ல.

எனினும் "கறைதானே" என்று விட்டுவிடுவதும் முழுப் பாதுகாப்பு அல்ல. எப்போதும் நனைந்திருக்கும் தோலில் புண்ணும் பூஞ்சையும் வரும். பல மாதம் இல்லாத கறை திடீரென ஒரு பக்கம் மட்டும் தோன்றினால், அதை அழகுப் பிரச்சினையாகக் கருதக்கூடாது.

## சோதனைகள்: எளியவை எவ்வளவு நம்பத்தக்கவை?

பாதை திறந்திருக்கிறதா என்பதை அறிய உலகெங்கும் முதலில் செய்யப்படுவது சாயச் சோதனை. மனிதருக்காக இதை வகுத்தவர் அமெரிக்கக் கண் மருத்துவர் லெஸ்டர் ஜோன்ஸ். ஆரஞ்சு நிற ஃப்ளூரசின் பட்டையைச் சலைனில் நனைத்துக் கண்ணில் தொட்டால் கண்ணீர் பச்சையாக ஒளிரும். நாயின் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, நீல வெளிச்சத்தில் மூக்குத் துவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் பச்சைத் துளி தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பாதை திறந்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் சாயமிட்டால் இரு பக்கத்தையும் ஒப்பிடலாம். கருவிழியில் புண் இருந்தால் அதே சாயம் அதையும் காட்டிவிடும். ஒரே பட்டையில் இரண்டு விடை கிடைக்கிறது.

சாயம் தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் அடைப்பு என்று சொல்லிவிட முடியாது. கூடுதல் திறப்புள்ள நாய்களிலும் குட்டை மூக்கு நாய்களிலும் சாயம் மூக்கின் உட்பகுதியிலேயே இறங்கித் தொண்டைக்குப் போய்விடும். அப்போது வாயைத் திறந்து நாக்கின் பின்பகுதியைப் பார்த்தால் பச்சை தெரியலாம். நலமான நாய்கள் சிலவற்றிலும் சோதனை பொய்த்துப்போவது ஏற்கெனவே அறியப்பட்டதே.

அடுத்த படி கழுவிப் பார்த்தல். உணர்விழப்புச் சொட்டு விட்டு, தேவைப்பட்டால் லேசான மயக்கமும் கொடுத்து, ஊசியை உருவிவிட்ட மெல்லிய ஐ.வி. கேனுலாவை மேல்துளையில் செலுத்திச் சலைனை மெதுவாகத் தள்ளுகிறார்கள். முதலில் கீழ்த்துளை வழியே நீர் வெளிவர வேண்டும். வராமல், அந்த இடத்தில் சவ்வு குமிழ்போல எழும்பினால் பிறவி மூடல் என்று புரிந்துவிடும். கீழ்த்துளையை விரலால் அழுத்தி மூடியதும் நீர் மூக்கு வழியே சொட்ட வேண்டும். இல்லையேல் நாய் விழுங்கவோ தும்மவோ வேண்டும். முழு மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு மூச்சுக்குழலில் நீர் புகாதபடி முகத்தைத் தாழ்த்தி வைப்பது கட்டாயம். வெளிவரும் சீழைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் மருந்தைக் குறிபார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

இதற்கு மேல் உள்ளவை படச் சோதனைகள். நாளத்தில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது பழைய முறை. சி.டி. ஸ்கேன் எலும்பு, பல்வேர், மூக்கு உட்பகுதி எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. நாளத்துக்குள் நுண்ணோக்கிக் குழாய் செலுத்திப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. தொடக்கத்திலேயே சி.டி. எடுத்தால் காலவிரயமும் வீண் மருந்தும் குறையும் என்பது ஒரு தரப்பு. எளிய சோதனைகளை ஒழுங்காகச் செய்தால் ஸ்கேன் தேவைப்படும் நாய்கள் சிலவே என்பது மறுதரப்பு. முதல் தரப்பின் வாதம் பெரும்பாலும் உயர்நிலை மருத்துவமனைகளிலிருந்து எழுகிறது. அங்கே வந்து சேர்பவை ஏற்கெனவே பல சிகிச்சை தோற்ற நாய்கள் என்பதை நினைவில் கொண்டு அதை எடைபோட வேண்டும்.

## சிகிச்சை: கழுவுவதா, குழாய் வைப்பதா, புதுவழி வெட்டுவதா?

பிறவி மூடலில் கருத்து வேறுபாடு குறைவு. எழும்பிய சவ்வைச் சிறு கத்தரியால் வெட்டி, சில நாள் சொட்டு மருந்து விட்டால் பெரும்பாலான குட்டிகள் நலம் பெறுகின்றன. கடைவாய்ப்பல்லில் சீழ் என்றால் பல்லைப் பிடுங்குவதே வழக்கமான தீர்வு. அதனால் கண்ணுக்குக் கீழே வீங்கி உடையும் புண்ணைப் பாதை நோய் என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பது வழக்கமாக நேரும் பிழை. ஆகவே, கண் நோயோடு வரும் நாயின் வாயையும் திறந்து பார்க்க வேண்டும்.

பாதை அழற்சியில்தான் விவாதம் நீடிக்கிறது. கழுவி, சோதனைப்படி ஆன்டிபயாடிக் கொடுத்தால் போதும் என்போர் உண்டு. முதல்முறை வந்த நோய்க்கு இது பல நேரங்களில் போதுமானதாகவே தோன்றுகிறது. திரும்பத் திரும்ப வரும் நோயில், நாளத்தில் மென்குழாயைச் செலுத்தி முகத்தில் தைத்து மூன்று நான்கு வாரம் வைத்திருப்பது பரிந்துரைக்கப்படுகிறது. உட்சுவர் ஆறும்வரை பாதை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் என்பது இதன் தர்க்கம். சிறிய நாய்களில் குழாய் நுழைவதே கடினம். நாய் அதைத் தேய்த்துப் பிடுங்கிவிடாமல் கழுத்துக் கூம்பு மாட்டி வாரக்கணக்கில் கண்காணிக்கவும் வேண்டும். உள்ளே விதை சிக்கியிருந்தால் அதை எடுக்காமல் எந்த மருந்தும் நிரந்தரப் பலன் தராது.

பாதையை மீட்கவே முடியாதபோது, கண்ணிலிருந்து மூக்குக்கோ வாய்க்கோ புதுவழி அமைக்கும் அறுவைகள் உண்டு. வெட்டிய வழி தூர்ந்துபோவதே இவற்றின் பெரிய சிக்கல். பதிவாகியுள்ள அனுபவமும் சிறு எண்ணிக்கையிலான நாய்களைச் சார்ந்தது. வலியும் தொற்றும் இல்லாமல் வெறுமே நீர் வடியும் நாய்க்கு இத்தகைய அறுவை அவசியமா என்று கேட்பது நியாயமே. கன்னத்தைத் துடைத்து உலர்வாக வைத்திருப்பதும் ஒரு சிகிச்சைத் தேர்வுதான்.

## ஓமலூரில் எதை எங்கே செய்ய முடியும்?

சேலம், நாமக்கல் வட்டாரம் கால்நடை மருத்துவத்தில் பின்தங்கியதல்ல. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1985இல் தொடங்கி, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ஓமலூரிலிருந்து சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். ஆத்தூருக்கு அப்பால் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துள்ளது. ஆனால் மக்கள் முதலில் போவது உள்ளூர் மாட்டாஸ்பத்திரிக்கு, அதற்கும் முன்னால் பக்கத்து மருந்துக் கடைக்கு.

பெரிய கேடு இந்த முதல் நாட்களில்தான் நேர்கிறது. மனிதருக்கு எழுதிக்கொடுத்து வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நாய்க்கு விட்டால் சிவப்பு தணியும், நோய் குணமானதாகவே தோன்றும். கருவிழியில் புண் இருந்தால் அதே மருந்து புண்ணை ஆழமாக்கிக் கண்ணையே துளைத்துவிடக்கூடும். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், வாயில் மென்ற இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் கிருமியை உள்ளே சேர்க்கும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைப்பதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யத் தேவையில்லை. நாய் கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, கருவிழி நீலம் பூத்தோ வெளுத்தோ தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டிக்கு மூக்குச்சளியும் காய்ச்சலும் இழுப்பும் சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பரை நினைக்க வேண்டும். தடுப்பூசியே அதற்குக் காப்பு. குணம் மாறி, வாயில் நுரை ஒழுகும் தெருநாயின் கண்ணைத் துடைக்கப் போவது கூடாது. வெறிநோய் ஐயம் இருக்கும்போது கையுறையும் வாய்க்கட்டும் மட்டும் போதுமான காப்பு ஆகாது.

மருத்துவரிடம் போன பிறகு செய்ய வேண்டியவற்றுக்கு வரிசை முக்கியம். எந்தச் சொட்டும் விடுமுன் ஷர்மர் பட்டை. சொட்டு விட்ட பிறகு எடுத்த அளவுக்குப் பொருள் இல்லை. பிறகு நல்ல வெளிச்சத்தில் இமையும் முடியும் மூன்றாம் இமையின் பின்புறமும். அடுத்து ஃப்ளூரசின் பட்டை. வாயைத் திறந்து பல். இவை முடிந்து, கண்ணில் புண் இல்லை என்று தெளிந்தபின் கழுவிப் பார்த்தல். இதில் பெரிய கருவி எதுவும் இல்லை. இரண்டு காகிதப் பட்டைகளும் ஒரு கேனுலாவும் ஒரு டார்ச்சும் போதும். பாதை நோயா, வேறா என்று பெரும்பாலான நாய்களைப் பிரித்துவிட இந்த வரிசையே உதவும் என்று தோன்றுகிறது. பிரித்தபின் எஞ்சும் சிக்கலான சிலவற்றுக்கு நாமக்கல் பயணம் நியாயமானது. எல்லா நாய்களையும் அங்கே அனுப்புவது உடையவருக்கும் கல்லூரி மருத்துவமனைக்கும் சுமை. எதையும் அனுப்பாமல் மாதக்கணக்கில் சொட்டு விடுவது நாய்க்குக் கேடு.

## தீராமல் நிற்பவை

நான்கு நிலைப்பாடுகளும் ஒவ்வொரு வகை நாயைப் பொறுத்தவரை சரியானவை. எல்லா நாய்க்கும் தன் விடையே பொருந்தும் என்று ஒரு நிலைப்பாடு கோரும்போதுதான் தவறு நுழைகிறது. எனவே சோதனைகளின் வரிசை சரியாக இருந்தால், கருவி எளியதாக இருப்பது பெருங்குறை ஆகாது என்பதே இதுவரை கிடைத்த சான்றுகள் சுட்டும் திசை.

தீர்வு காணாத கேள்விகள் மூன்று. முதலாவது, பாதை அழற்சிக்குக் கழுவுவது மட்டும் போதுமா, தொடக்கத்திலேயே குழாய் வைப்பது மேலா என்பது. இரண்டையும் ஒரே வகை நாய்களில் ஒப்பிட்டு நீண்ட காலம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளே இதற்கு விடை தர முடியும். இரண்டாவது, குட்டை முக நாய்களில் எந்த அளவு நீர் வடிதலை இயல்பு என்று ஏற்பது, எந்த அளவில் அதை இனப்பெருக்கத்தால் நாம் உண்டாக்கிய துன்பம் என்று ஒப்புக்கொள்வது என்பது. இதற்கு மருத்துவம் மட்டும் விடை சொல்ல முடியாது. குட்டி வாங்குவோரும் விற்போரும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது நமக்கு மிக நெருக்கமானது. பாடநூல்களில் உள்ள அளவுகளும் இனப் பட்டியல்களும் பெரும்பாலும் மேலைநாட்டு நாய்களிலிருந்து வந்தவை. நீண்ட முகம் கொண்ட ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களிலும் நம் நாட்டு நாய்களிலும் சாயம் எத்தனை நிமிடத்தில் மூக்குக்கு இறங்குகிறது, புழுதியும் சுனையும் மிகுந்த அறுவடைக் காலத்தில் பாதை அழற்சி கூடுகிறதா என்பவற்றைச் சொல்ல இங்குள்ள பதிவுகளே வேண்டும். உள்ளூர் மருந்தகங்கள் ஒவ்வொரு கண் நோய்க்கும் ஷர்மர் அளவையும் சாயச் சோதனை முடிவையும் குறித்துவைத்து, கல்லூரி அவற்றைத் தொகுத்தால் இதைத் தொடங்கிவிடலாம். அதற்குப் பெரும் செலவு ஆகாது. அந்தப் பதிவுகள் சேரும்வரை, வேறு நாட்டு நாய்களுக்கு வகுத்த அளவுகளை நம் நாய்களுக்குத் தற்காலிக வழிகாட்டியாகக் கொள்ளலாம். முடிவான தீர்ப்பாகக் கொள்ள முடியாது.